தண்ணீரைக் குறைக்காதே, பாலு

அன்புள்ள பாலு,

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. இங்கே பருவம் முடிந்துவிட்டது. தெற்கு ஜெர்மனியின் இந்த ஷ்வேபிஷ் ஆல்ப் மலைமேட்டில் காலை மூடுபனி கலையவே பத்து மணி ஆகிறது. எஞ்சின் இல்லாத நம் விமானங்களை, இந்தக் கிளைடர்களை, இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிவிட்டோம். இனி மார்ச் வரை சனிக்கிழமைகளில் கிளப் பட்டறையில் தேய்ப்பதும் மெருகேற்றுவதும்தான் வேலை. பூமியின் தென்பாதியில் இருக்கும் உனக்கோ இப்போதுதான் கோடை தொடங்குகிறது. ஐம்பத்தேழு வயதில் தனியாகப் பறக்கத் தொடங்கி, டிசம்பரில் கிளைடர் விமானிகளின் சில்வர் பேட்ஜ் தகுதிக்காக இறங்காமல் பறக்க வேண்டிய ஐந்து மணி நேரத்தை முடிக்கப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. வெளியே போய் நடந்துவிட்டு வந்துதான் மீதிக் கடிதத்தைப் படித்தேன். குரோம்பேட்டை விடுதி மொட்டைமாடியில் நாம் பால்சா மரத்தில் செய்த கிளைடரை எறிந்துவிட்டு, நீ வாய்விட்டு நொடிகளை எண்ணுவாயே, அந்தக் குரல் காதில் கேட்டது.

கடைசிப் பத்தியில் தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாய். நடுவில் ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வது? பிறகு நீயே ஒரு பதிலும் எழுதியிருக்கிறாய்: முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடப் போகிறாயாம். அதைப் படித்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. அதனால்தான் தள்ளிப்போடாமல் இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

நானும் அப்படித்தான் செய்தேன், பாலு. பறக்கத் தொடங்கிய நான்காம் ஆண்டு, ஜூன் மாதம், வெயில் சுள்ளென்று காய்ந்த நாள். 300 கிலோமீட்டர் முக்கோணப் பாதை போட்டிருந்தேன். காலையில் ஒரு காப்பி, கையில் அரை லிட்டர் பாட்டில். அதையும் உதடு நனைக்க மட்டுமே என்று வைத்திருந்தேன். மூன்றாவது மணி நேரத்தில் முட்டத் தொடங்கியது. குடிக்கவே இல்லையே, எங்கிருந்து வந்தது என்று அப்போது புரியவில்லை. தரையில் 30 டிகிரி என்றால் 2,000 மீட்டரில் 10 டிகிரிதான். கண்ணாடி மூடிக்குள் தலையும் தோளும் வெயிலில் வேகும். மூக்குக்குள் நீட்டியிருக்கும் கால்கள் நிழலில் விறைக்கும். குளிர்ந்ததும் தோலுக்கடியில் இருக்கும் இரத்த நாளங்கள் சுருங்கி, இரத்தம் உடலின் நடுப்பகுதிக்குப் போகிறது. சிறுநீரகம் அதை மிகையான நீர் என்று எடுத்துக்கொண்டு வெளியேற்றத் தொடங்குகிறது. ஒரு பக்கம் வியர்வையில் நீர் போகிறது, மறு பக்கம் சிறுநீர்ப்பை நிறைகிறது. தண்ணீரைக் குறைத்தால் இரண்டும் நிற்காது, நாக்குதான் வறளும்.

ஐந்தாவது மணி நேரத்தில் தலைவலி பிடித்துக்கொண்டது. அடிவயிறு கல்லாகிவிட்டது. மனத்தில் வேறு எந்த நினைப்பும் இல்லை: இறங்க வேண்டும், உடனே இறங்க வேண்டும். இறங்கும் சுற்றைக் குறுக்கினேன். சோதனைப் பட்டியலை வாய் முணுமுணுத்தது; "சக்கரம்" என்று நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது; கை மட்டும் சக்கரத்தை இறக்கும் நெம்புகோலுக்குப் போகவில்லை. விமானத்தின் வயிற்றுப்பகுதி புல்லில் உரசிக்கொண்டே போன அந்தச் சத்தம் இன்றும் மறக்கவில்லை. கிளப்பின் விமானம். பழுது பார்த்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த ஆண்டின் மிக நல்ல மூன்று வாரங்களை மற்றவர்கள் என்னால் இழந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தெம்பில்லை.

உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே கவனமும் கணக்கிடும் திறனும் மங்கத் தொடங்கும். எழுபது கிலோ எடையுள்ளவனுக்கு அது 1.4 லிட்டர். உன் ஊர் வெயிலில் விமானத்தைத் தள்ளி வரிசையில் நிறுத்தி, பாராசூட்டை மாட்டிக்கொண்டு, மூடிக்குள் காத்திருக்கும்போதே அதில் பாதி போய்விடும். அந்த மங்கல் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து. நன்றாகத்தான் பறக்கிறேன் என்றே தோன்றும். ஐந்து மணி நேரத்தில் மிகக் கூர்மையாக இருக்க வேண்டிய நேரம் கடைசிப் பத்து நிமிடம். மிக வறண்டிருப்பதும் அதே பத்து நிமிடத்தில்தான்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அம்மாவின் நினைவாகவே இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு இரவு பஸ் ஏறும் நாளில் மதியத்துக்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டாள். பஸ் நிற்கும் இடத்தில் ஆண்கள் எல்லாம் இருட்டுக்குள் இறங்கிப் போவார்கள். அவள் ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். சென்னை வந்து இறங்கியதும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். பயண அலுப்பு என்றே வீட்டில் எல்லாரும் சொன்னோம். அலுப்பு இல்லை, நீரின்மை என்று எனக்குத் தெரிந்தபோது அவள் இல்லை. அடக்கிக்கொள்வதை நாம் நல்ல பழக்கம் என்று கற்றுக்கொண்டு வளர்ந்துவிட்டோம். விமானத்துக்குள்ளும் அதையே கொண்டு போகிறோம்.

விமானவியல் படித்தோமே, ஒரு வகுப்பிலாவது இந்தப் பேச்சு வந்ததா? அமெரிக்கர்களே 1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்டை விண்வெளிக்கு அனுப்பியபோது இதற்கு ஏற்பாடு செய்யவில்லை. பறப்பு 15 நிமிடம்தானே என்று விட்டுவிட்டார்கள். ஏவுதளத்திலேயே நான்கு மணி நேரத்துக்கு மேல் படுத்துக் கிடந்தார். கடைசியில் அனுமதி கேட்டு, உடையிலேயே போக வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜான் கிளென் பூமியைச் சுற்றியபோது சேகரிக்கும் பை அவர் உடைக்குள் இருந்தது. கிளைடர் ஓட்டும் நம்மவர்களில் ஹான்ஸ்-வெர்னர் குரோஸ்ஸே 1972இல் ஜெர்மனியின் லூபெக்கிலிருந்து பிரான்சின் பியாரிட்ஸ் வரை 1,460 கிலோமீட்டர் போனார். கிளாவுஸ் ஓல்மன் 2003 ஜனவரியில் ஆண்டிஸ் மலைகளைத் தாண்டும் காற்று எழுப்பும் அலைகளில் 3,000 கிலோமீட்டரைத் தாண்டினார். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியாத பறப்புகள் அவை. நாக்கை வறளவிட்டுக்கொண்டு அந்தத் தூரத்தை யாராலும் போக முடியாது.

இனி உன் காரியத்துக்கு வருகிறேன். ஐந்து மணி நேரத்துக்குப் பையே போதும். சிறுநீரை உறையவைக்கும் தூளை உள்ளே வைத்து விற்கும் ஒருமுறைப் பைகள் கிடைக்கின்றன. குழந்தைகளின் டயாபரில் இருக்கும் அதே உறிஞ்சும் பொருள்தான். ஊற்றிய சில நொடிகளில் கூழாகிவிடும், சாய்ந்தாலும் சிந்தாது. மூன்றையாவது கையோடு எடுத்துப் போ. ஆனால் முதல் தடவையை ஆகாயத்தில் வைத்துக்கொள்ளாதே. கால் நீட்டிப் படுத்தபடி போவதற்கு உடல் இலேசில் சம்மதிக்காது. முட்டிக்கொண்டிருக்கும், ஒரு சொட்டு வராது. வீட்டில் ஈஸிசேர் இருக்கிறதல்லவா? கிளைடர் இருக்கையும் ஏறக்குறைய அந்தச் சாய்வுதான். இரண்டு லிட்டர் குடித்துவிட்டு அதில் சாய்ந்து பழகு. பிறகு ஒரு நாள் தரையில் நிற்கும் கிளைடருக்குள், பாராசூட்டும் வார்களும் மாட்டிக்கொண்டு, எந்தப் பொத்தான், எந்த ஜிப், எந்தக் கை என்று ஒத்திகை பார். நீளமான ஜிப் உள்ள தளர்ந்த கால்சட்டை போடு. இடுப்பு வாரைச் சற்றுத் தளர்த்தலாம். தோள் வாரைத் தொடாதே.

நான் முதலில் ஒழுங்காகச் செய்தது டான்யூப் பள்ளத்தாக்குக்கு மேலே. தெர்மலில், அந்த மேலெழும் வெப்பக் காற்றில், மற்றவர்களோடு சுற்றிக்கொண்டிருக்கும்போது இதை நினைக்கவே கூடாது. அதை விட்டு வெளியே வந்து, தரைக்கு மேல் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத உயரத்தில், அமைதியான காற்றில், நாலா பக்கமும் பார்த்துவிட்டு நேராகப் போகும்படி டிரிம் வைத்தேன். இடது கையில் பை, வலது கையின் இரண்டு விரல் விமானத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டிக்கில். குனிந்து பார்த்த கணத்தில் காற்றின் சத்தம் மெல்ல மெல்ல அடங்குவது காதில் பட்டது. மூக்கு மேலே ஏறி வேகம் குறைந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து சரிசெய்தேன். அதன்பிறகு கண்ணை அடிவானத்தில் வைத்துக்கொண்டு, காதால் வேகத்தைக் கேட்டுக்கொண்டு, கைத் தடவலிலேயே முடித்தேன். உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது. பையை மூடிப் பக்கப் பையில் செருகிவிட்டு ஒரே மூச்சில் அரை லிட்டர் குடித்தேன். வார்களை மீண்டும் இறுக்க மறக்காதே. பையை எங்கேயாவது தளர்வாக வைத்துவிடாதே. ரடர் மிதிகளுக்கடியில் உருண்டுபோனால் பெரிய வம்பு. சின்ன ஜன்னல் வழியாக வெளியே கொட்டுகிறவர்களும் உண்டு. காற்று அதை வாரி விமானத்தின் பக்கவாட்டிலேயே பூசிவிடும்.

எட்டு மணி, பத்து மணி என்று போகும்போது காண்டம் கதீட்டர்தான் வசதி. ஆணுறை போன்ற சிலிகான் உறை, உள்ளே ஒட்டும் பசை, நுனியில் குழாய். அளவு சரியாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஒழுகும், சிறிதாக இருந்தால் வலிக்கும். முடியை மழித்துவிட்டுக் காலையிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். குழாய் முழுக்கச் சரிவாகவே போக வேண்டும்; தொடை வாருக்கடியில் மடங்கினால் நீர் எதிர்த்து வந்து உறையையே பிடுங்கிவிடும். சிலர் குழாயைச் சக்கரத்துக்குப் பக்கமாக வெளியே விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறுநீரின் உப்பு உலோகத்தை அரிக்கும். கட்டுப்பாட்டுத் தண்டுகளும் சக்கரக் கருவிகளும் அங்கேதான் இருக்கின்றன. உயரத்தில் குழாயின் வாய் உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. காலில் கட்டும் பையில் இறக்கிக்கொண்டு, தரையில் கொட்டிக் கழுவுவதே மேல்.

மாலதியும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளிடம் இந்தப் பக்கத்தைக் கொடு. மேலே எழுதியதில் பெரும்பகுதி அவளுக்கு உதவாது. எங்கள் கிளப்பிலும் ஆண்டுக்கணக்காக ஆண்களுக்கு மட்டுமே இது சொல்லித் தரப்பட்டது. பெண்கள் வந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை, அவர்களாகவே வழி கண்டுபிடித்துக்கொள்ள விட்டுவிட்டோம். அது எங்கள் தவறு. எங்களில் மிக நீளமாகப் பறக்கும் பெண் ஒருவர் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்வது இது: பெரியவர்களுக்கான டயாபர், அதில் உறிஞ்சும் திறன் அதிகமானது. வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சாய்ந்த நிலையில் பின்பக்கம்தான் கசியும். அங்கே கூடுதலாக ஒரு பட்டை வைக்க வேண்டும். ஒரேயடியாக அடக்கி வைத்துப் போகாமல், கொஞ்சம் கொஞ்சமாக, உணர்வு வந்த உடனேயே போய்விட வேண்டும். உடலோடு பொருந்தும் புனலும் பையும் சிலருக்கு ஒத்துவருகின்றன. உள்ளே செலுத்தும் கதீட்டரைத் தானாக முயலக் கூடாது, தொற்று வரும். ஈரத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் தோல் புண்ணாகும் என்பதால், இறங்கியதும் கழுவி மாற்றிக்கொள்ளவும் இடம் வேண்டும். உங்கள் கிளப்பில் அந்த வசதி இருக்கிறதா என்று அவளைக் கேட்க வைக்காதே, நீயே போய்க் கேள்.

இரண்டுக்குப் போவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முந்தின இரவு தயிர்சாதம், காலையில் இட்லி. சுண்டல், கீரை, புதிதாக எதையும் சோதிக்கும் ஆசை, எல்லாவற்றையும் மறுநாளுக்கு ஒத்திவை. வயிறு சரியில்லை என்றால் அன்று பறக்க வேண்டாம்.

இன்னொன்று. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பதாக முன்பு சொன்னாய். அவற்றில் சில சிறுநீரைப் பெருக்கும் வகை. நீயாக நிறுத்திவிடாதே, விமானிகளைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள். நம் வயதில் புரோஸ்டேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

என் கணக்கு மணிக்கு அரை லிட்டர். உன் வெயிலுக்கு அதற்குக் குறையாதே. உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர்ப் பையைத் தோள் பக்கம் மாட்டிக்கொண்டால் பாட்டிலைத் தேட வேண்டியதில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு வாய். இறங்கிய பிறகு சிறுநீரின் நிறத்தைப் பார். வெளிறிய வைக்கோல் நிறம் என்றால் சரியாகக் குடித்திருக்கிறாய்.

பைகள் நான்கும், மூன்று அளவுகளில் உறைகளும் நாளை தபாலில் போடுகிறேன். டிசம்பரில் அந்த நாள் இன்னதென்று முடிவானதும் சொல். இங்கே அப்போது விடியற்காலை, நான் விழித்திருப்பேன். இறங்கியதும் ஒரு வரி அனுப்பு. எவ்வளவு உயரம் ஏறினாய் என்பதைப் பிறகு சொல்லலாம், எத்தனை லிட்டர் குடித்தாய் என்பதை முதலில் எழுது.

உன்
சேது