சீசன் நிறத்தைப் பெயரால் அல்ல, துணியால் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆடி முடிந்ததும் தீபாவளி வரைக்கும், பிறகு பொங்கலுக்கு முன்பும், நாளிதழ்களின் பெண்கள் பக்கங்களில் ‘இந்த சீசனின் நிறங்கள்’, ‘இந்த ஆண்டு எந்த பிரிண்ட்’ என்று கட்டுரைகள் வருகின்றன. அவற்றைப் படிப்பது தங்களுக்கு ஒரு சேலை எடுப்பவர்கள் மட்டுமல்ல. வீட்டிலிருந்தே சேலை விற்கும் பெண்களும், தையல் கடையோடு சுடிதார் மெட்டீரியல் வைத்திருப்பவர்களும், ஊருக்குள் சின்ன பொட்டீக் நடத்துகிறவர்களும் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஈரோட்டுக்கு வண்டி ஏறுகிறார்கள், சூரத்துக்கு ஆர்டர் போடுகிறார்கள். சிறு முதலீட்டில் நடக்கும் வியாபாரம் இது. நான்கு நிறம் தப்பாக எடுத்தால் அடுத்த ஆடித் தள்ளுபடி வரைக்கும் பணம் அலமாரியிலேயே கிடக்கும். அந்தப் பக்கங்களை இன்னும் கவனமாக எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

முதலில் பேன்டோன் விஷயம். நிறங்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் அமெரிக்க நிறுவனமான பேன்டோன் ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த ஆண்டுக்கான நிறத்தை அறிவிக்கிறது. 2000-ஆம் ஆண்டுக்கு செருலியன் நீலத்தைச் சொன்னதில் தொடங்கிய வழக்கம் அது. அறிவிப்பு வந்த வாரமே இங்கே ‘பொங்கலுக்கு இந்த நிறம்தான்’ என்று எழுதிவிடுகிறார்கள். டிசம்பரில் பொங்கல் சேலைக்கான நூல் சாயம் ஏறி, தறியை விட்டு இறங்கி, பெரும்பாலும் கடைக்கே வந்திருக்கும். தீபாவளிக்கு அச்சடிக்கும் துணிக்கும் ஆனி, ஆடியிலேயே நிறம் முடிவாகிவிடும். ஐரோப்பாவில் நிறக் கணிப்பாளர்கள் கூடிப் பேசுவதோ சீசனுக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் முன்பு. அவர்களுடைய சீசன் கோடையும் குளிர்காலமும். நம்முடையது முகூர்த்த மாதங்களும் பண்டிகைகளும். இரண்டும் ஒரே நாள்காட்டியில் பொருந்தாது.

ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் பேன்டோன் தரும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பயன் உண்டு. பெயரைவிட அந்த ஆறு இலக்கங்கள்தான் முக்கியம். முதல் இரண்டு இலக்கம் வெளிர்வையும் அடர்வையும் சொல்லும்: 11 என்றால் மிக வெளிர், 19 என்றால் மிக அடர். நடு இரண்டு, அது எந்த நிறக் குடும்பம் என்பது. கடைசி இரண்டு, நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பது, குறைந்தால் மங்கல். 2023-இன் வீவா மஜென்டா 18-1750. 2024-இன் பீச் ஃபஸ் 13-1023. 2025-இன் மோக்கா மூஸ் 17-1230. முதலாவதில் கடைசி எண் 50. ராணி பிங்குக்கும் அரக்குக்கும் நடுவில் நிற்கும் அழுத்தமான நிறம், நம் கடைகளில் என்றைக்கும் இருப்பது, யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற இரண்டிலும் 23, 30. அதாவது மங்கல், அதுவும் தோல் நிறத்தின் பக்கத்திலேயே வரும் மங்கல். பீச்சும் காபிப்பால் நிறமும் வெறும் பருத்தியில், உடல் நிறத்திலேயே கரை வரும் செல்ஃப் பார்டரில் வந்தால் மாநிறத்து உடம்பில் சேலை தனியாகத் தெரியாது. அதே காபிப்பால் நிறத்தைப் பட்டிலோ ஜரிகை இழையோடும் டிஷ்யூ துணியிலோ போட்டு, அரக்கு அல்லது பாட்டில் பச்சைக் கரை கொடுத்தால் நன்றாக எடுக்கும். ‘இதுதான் இந்த ஆண்டின் நிறம்’ என்று எழுதும்போது எந்தத் துணியில், எந்தக் கரையோடு என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்த வரியை நம்பிக் கொள்முதல் செய்ய முடியாது.

நிறத்தை எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்பது அடுத்தது. பகலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் வேறு விளக்கின் கீழ் இரண்டாகப் பிரிந்துவிடும். சாயப்பட்டறைக்காரர்கள் இதை மெட்டாமெரிசம் என்பார்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் இதற்கென்றே லைட் பாக்ஸ் இருக்கும்: டி65 என்பது பகல் வெளிச்சம், டிஎல்84 கடை டியூப் லைட், ஏ என்பது பழைய மஞ்சள் பல்பு. மூன்றிலும் ஒத்துப்போனால்தான் ஷேட் பாஸ். பெட்டி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. காலை 10 மணிக்கு மேல் 3 மணிக்குள், வெயில் நேரே படாத வாசலில் ஒரு முறை. கடையின் வெள்ளை எல்.இ.டி. கீழ் ஒரு முறை. மஞ்சள் விளக்கின் கீழ் ஒரு முறை. மேசையில் விரித்துப் பார்க்காமல் கையின் மேல், தோளின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சள் வெளிச்சத்தில் லாவெண்டர் சாம்பலாகிவிடும். நேவி நீலமும் பாட்டில் பச்சையும் கறுப்பாகத் தெரியும். பீச்சின் நிறமே கரைந்துபோகும். மாம்பழ மஞ்சளும் அரக்கும் இன்னும் எழும்பும். மண்டபத்து வரவேற்புக்கு என்று லாவெண்டரைச் சிபாரிசு செய்கிறவர்கள் அதைப் பகல் வெளிச்சத்துப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள்.

மேட்சிங் பிளவுஸ் மண்டபத்தில் ‘ஒட்டாமல்’ போவதற்கும் காரணம் இதுதான். பட்டுக்கு ஒரு வகைச் சாயம், பருத்திக்கு ஒன்று, பாலியஸ்டருக்கு இன்னொன்று. கடை வெளிச்சத்தில் ஒத்த ஜோடி, வேறு விளக்கின் கீழ் பிரிகிறது. பிளவுஸ் பிட்டை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிற அம்மாக்கள் செய்வது முற்றிலும் சரி.

அச்சுத் துணியில் நிறத்தைவிடத் தூரம் முக்கியம். வெள்ளையில் 2 மில்லிமீட்டர் சிவப்புப் புள்ளி, கையில் வைத்துப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையும். ஏழெட்டு மீட்டர் தள்ளிப் பார்த்தால் இளம் ரோஸ். கண் இரண்டையும் கலந்துவிடுகிறது. மஞ்சளில் நீலப் பொடிப்பூ போட்டால் தூரத்தில் அழுக்குச் சாயல் வரும். பக்கத்தில் அழகாக இருந்தும் கடையில் தங்கிப்போகும் துணிகளில் பல இந்த ரகம். எனவே பொடி டிசைனை அரை மீட்டரில், 3 மீட்டரில், 8 மீட்டரில் என்று மூன்று தூரத்தில் பார்க்க வேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே பதில் கிடைக்கும். வாடிக்கையாளர் கடைக்குள் நுழையும்போது பார்ப்பது 8 மீட்டர் நிறத்தை. வீட்டுக்கு எடுத்துப்போவது அரை மீட்டர் நிறத்தை. இரண்டும் நன்றாக இருந்தால்தான் துணி நகரும்.

பெரிய பூ டிசைனுக்குச் சோதனை வேறு. ஐந்தரை மீட்டர் சேலையில் உள்சுற்று மறைந்துவிடும். கொசுவத்தில் ஆறேழு மடிப்பு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 அங்குலம். 10 அங்குலப் பூ கொசுவத்தில் பாதிப் பூவாக, தண்டு மட்டுமாக நிற்கும். துணியை 5 அங்குலத்துக்கு ஆறு மடிப்பு மடித்து இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதை ‘இந்த சீசன்’ என்று சொல்ல வேண்டும். குர்த்திக்கு எடுப்பவர்கள் ரிப்பீட்டை, அதாவது ஒரு டிசைன் முடிந்து மறுபடி தொடங்கும் நீளத்தை, அளக்க வேண்டும். மில்லில் துணி அச்சடிக்கும் ரோட்டரி ஸ்கிரீன் உருளையின் சுற்றளவு பொதுவாக 64 சென்டிமீட்டர்; டிசைன் 64, 32, சுமார் 21, 16 என்று அதற்குள் அடங்கும்படிதான் திரும்பி வரும். பூவெல்லாம் மேல்நோக்கி நிற்கும் ஒருபக்க டிசைனில், துணி மிச்சம் பிடிக்க ஒரு பாகத்தைத் தலைகீழாகப் போட்டு வெட்ட முடியாது. முன்பக்கமும் பின்பக்கமும் பூ சேர வேண்டும் என்றால் கிட்டத்தட்ட ஒரு ரிப்பீட் துணி கூடுதலாகப் போகும். வழக்கமான இரண்டரை மீட்டர் பிட்டில் அது வராது. தையல்காரர் மேல் பழி விழுவது இங்கேதான்.

பிளாக் பிரிண்ட் மோகம் சில ஆண்டுகளாக இறங்கவே இல்லை: சாங்கனேரின் வெள்ளைத் தரைப் பூக்கள், பக்ருவின் மண்பூச்சு தாபு, கட்ச்சின் அஜ்ரக், மசூலிப்பட்டினத்துக் கலம்காரி. இவற்றின் ரோட்டரி நகலும் டிஜிட்டல் நகலும் அதே பெயரில் விற்கின்றன. வித்தியாசம் காண ஒரு மீட்டர் டேப் போதும். கை அச்சில் கட்டை சேரும் இடங்களில் மை கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருக்கும், ஒவ்வொரு இடத்திலும் வேறு மாதிரி. நகலில் அந்தக் ‘குறை’யையும் சேர்த்தே வரைந்திருப்பார்கள், அதே பிசிறு, அதே விலகல், அச்சுப் பிசகாமல் ஒரே தூரத்தில் திரும்பி வரும், ரோட்டரி என்றால் 64 சென்டிமீட்டருக்கு ஒரு முறை. நகல் வாங்குவதில் தவறில்லை. நகல் விலைக்கு வாங்க வேண்டும். உங்கள் பக்கத்தில் ‘அஜ்ரக் டிரெண்ட்’ என்று படம் போடும்போது அது கை அச்சா, மில் அச்சா என்று ஒரு சொல் சேர்த்தால் கைவினைஞருக்கும் நியாயம், வாங்குபவருக்கும் நியாயம். மதுரைச் சுங்குடிக்கும் இது பொருந்தும்: முடிச்சுப் போட்டு எடுத்த புள்ளியும் திரையில் அடித்த புள்ளியும் ஒன்றல்ல.

சாயத்தின் உறுதியை எந்த டிரெண்ட் பக்கமும் பேசுவதில்லை. வெளிர் நிறத்தில் சாயமே கொஞ்சம்தான் இருக்கிறது. வெயில் அதை முதலில் தின்றுவிடும். மொட்டை மாடியில் காயப்போடும் ஊரில் பேஸ்டல் பருத்திக்கு ஆயுள் குறைவு என்பதற்குக் காரணம் அதுதான். இன்னொன்றும் உண்டு. வெள்ளை பளிச்சிட வேண்டும் என்று சோப்புத்தூளில் சேர்க்கப்படும் பிரைட்டனர் பீச், சந்தனம், காபிப்பால் போன்ற நிறங்களின் மேலும் ஒட்டிக்கொண்டு, அவற்றை மெல்ல நீலம் பாய்ந்த வெளிறலாக மாற்றிவிடும். அந்த நிறங்களைச் சிபாரிசு செய்யும்போது பிரைட்டனர் இல்லாத திரவ சோப்பில் துவைத்து நிழலில் காயப்போடச் சொல்லுங்கள். அடர் நிறம் என்றால் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, ஒரே இடத்தில் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். ஆய்வகத்திலும் உரசல் சோதனை ஏறக்குறைய இதுதான். கைக்குட்டையில் நிறம் ஒட்டினால், நிறப்பொடியைப் பசையால் துணிமேல் ஒட்டும் பிக்மென்ட் அச்சு என்றால் பசையைச் சூட்டில் சரியாக உறைய வைக்காதது காரணம். அது தேயத் தேயப் போய்க்கொண்டே இருக்கும். நூலோடு வேதிமுறையில் பிணையும் ரியாக்டிவ் சாயம் என்றால் ஒட்டாத மிச்சத்தைக் கொதிநீர் சோப்பில் அலசி எடுக்காதது காரணம். கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வாரம் ஒரு குறிப்பு எங்காவது வருகிறது. சாயத் தொட்டியில் நூலை நோக்கிச் சாயத்தைத் தள்ள உப்பு உதவும், அவ்வளவுதான். அச்சாகி வந்த துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பால் ஒட்ட வைக்க முடியாது. அந்தக் குறிப்பை நிறுத்திவிடுங்கள்.

எந்த நிறம் உண்மையிலேயே ஏறுகிறது என்று அறிய வேண்டுமா? ஷோரூம் கண்ணாடியைப் பார்க்காதீர்கள். அங்கே இருப்பது கடை விற்க விரும்புவது. மேட்சிங் சென்டரில் கேளுங்கள். எந்த நிற லைனிங், எந்த நிற ஃபால்ஸ் தீர்ந்துபோய் மறுபடி வரவழைத்தார்கள் என்று சொல்வார்கள். ஃபால்ஸ் வாங்குகிறவர் சேலையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர். அதைவிட நேர்மையான கணக்கு கிடையாது. ஒரு டிசைன் இறங்குவதையும் அப்படியே பார்க்கலாம். குர்த்தியில் வந்த பிரிண்ட் நைட்டிக்கும் தலையணை உறைக்கும் வந்துவிட்டால், புதிதாகக் குர்த்திக்கு அதை எடுப்பது வீண். சூரத் சரக்கில் கேட்டலாக் செட்டாகத்தான் தருவார்கள், ஒரு டிசைனுக்கு ஆறு அல்லது எட்டு நிறம், பிரிக்க மாட்டார்கள். செட்டின் அழகான நிறத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. மோசமான இரண்டு நிறங்களை எடுத்து வைத்து, இவை முதல் விலைக்காவது போகுமா என்று பார்க்க வேண்டும். லாபம் அந்த இரண்டில்தான் நிற்கிறது.

ஒரு நாளிதழ் நினைத்தால் நிறத்தை எவ்வளவு தூரம் நகர்த்த முடியும் என்பதற்கு நவராத்திரியின் ஒன்பது நிறங்களே சாட்சி. 2000-களின் தொடக்க ஆண்டுகளில் மராத்தி நாளிதழ் ஒன்று பரப்பிய பழக்கம் அது. முதல் நாள் எந்தக் கிழமையோ அந்தக் கிழமையின் நிறத்தில் பட்டியல் தொடங்கும்: திங்கள் என்றால் வெள்ளை, செவ்வாய் சிவப்பு, புதன் நீலம், வியாழன் மஞ்சள், வெள்ளி பச்சை, சனி சாம்பல், ஞாயிறு ஆரஞ்சு. இன்று சென்னை, கோவை அலுவலகங்களிலும் அதே வரிசைதான். அந்தப் பத்து நாளுக்கு முன்பு ஒற்றை நிறச் சேலைக்கும், வேறு நாளில் யாரும் கேட்காத சாம்பலுக்கும் கேட்பு வருகிறது. பாரிஸின் எந்தப் பட்டியலைவிடவும் சிறு வியாபாரிக்கு இது உறுதியான தகவல். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆவணியிலேயே அச்சிடலாம்.

கடைசியாக உங்கள் அச்சகம் சம்பந்தப்பட்ட ஒன்று. நான்கு வண்ண மையில், நாளிதழ்த் தாளில், ராணி பிங்கும் மயில்கழுத்தும் சரியாக வராது. பளபளப்பு இறங்கிச் செம்மண்ணாகவும் சாணிப்பச்சையாகவும் விழும். இரண்டு நூல் சேர்ந்து டபுள் ஷேட் அடிக்கும் பட்டுத் துணியை எந்தப் படத்தாலும் காட்ட முடியாது. எனவே படத்தின் கீழே வாசகர் அறிந்த பெயரை எழுதுங்கள்: ஆனந்தா நீலம், எம்.எஸ். நீலம், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, வெங்காயச் சருகு. டபுள் ஷேட் என்றால் பாவு எந்த நிறம், ஊடை எந்த நிறம் என்று எழுதுங்கள். கூடவே துணி பருத்தியா, ரேயானா, பாலியஸ்டரா. அச்சு எந்த வகை. ரிப்பீட் எத்தனை சென்டிமீட்டர். படம் எடுத்தது பகலிலா, விளக்கிலா. இரண்டு வரியில் அடங்கும். தீபாவளி இணைப்பிலிருந்தே தொடங்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஜவுளிக் கொள்முதலிலும் அச்சுத் துறையிலும் இருக்கும் வாசகர்கள் சிலர்,
ஈரோடு.