இடுப்புப் பெல்ட்டைக் கழற்றிய பாதிரியார்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி, ஆனால் மாடிப்படி ஏறுவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள், தரையில் எதையும் வைக்க முடியவில்லை.

இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாயே, பீட்டர் பெய்லி வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் பாதிரியாரைப் பற்றித்தான். 1792-இல் லான்ரிக், லான்பெரிஸ் இரண்டு ஊர்ச் சபைகளுக்கும் குருவாக வந்தவர், 1836-இல் சாகும்வரை அங்கேயே இருந்துவிட்டார். லான்பெரிஸ், ஸ்னோடன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது.

அப்போது பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்ததால் ஐரோப்பாவுக்குப் போகமுடியாத ஆங்கிலேயர்கள் வேல்ஸைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி வந்தார்கள். அப்படி வந்தவர்தான் வில்லியம் பிங்லி என்ற இளைஞர். 1798-இல் பாதிரியாரும் அவரும் மலைச்செடிகளைத் தேடிக்கொண்டு, கயிறு கியிறு எதுவும் இல்லாமல், ஸ்னோடன் மலையில் க்ளாகி என்று இன்று ஏறுபவர்கள் கூப்பிடும் அந்தக் கரிய பாறைச்சுவரில் ஏறிவிட்டார்கள். பாதியில் இறங்கவும் முடியவில்லை. ஆணி அடித்த பூட்ஸ் போட்டிருந்த பாதிரியார், நான் முதலில் போகிறேன் என்று ஏறி, மேலே நன்றாக நிலைகொண்டு, இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை நீட்ட, பிங்லி அதைப் பிடித்து மேலே வந்திருக்கிறார்! பிரிட்டனில் எழுத்தில் பதிவான முதல் பாறையேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இதை நூலில் எழுதியவர் பிங்லி, அதனால் எங்கும் அவர் பெயரே முந்திக்கொள்கிறது. அதுதான் எனக்கு ஆதங்கம். பாதிரியாரும் எழுதாமல் இல்லை. கார்னார்வன் மாவட்டத்தின் வரலாறு, பழஞ்சின்னங்கள் எல்லாம் சேர்த்து 1821-இல் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி நூல் போட்டார். அதற்குள் அந்த மலைகளுக்கு நடுவே ஏறக்குறைய முப்பது வருடம் வாழ்ந்திருந்தார். பக்கத்திலேயே டினோர்விக் ஸ்லேட் குவாரி மலையை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கோடையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவரைவிட, வருடம் முழுக்க அந்த மழையிலும் பனியிலும் இருந்தவர் சொல்வதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

அப்புறம், பிங்லியின் நூலில் அந்தப் பாறைப் பகுதியை மட்டும் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வரலாறு நடத்தியவன், படித்துவிட்டு என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்