மதுரைக்கு இரண்டு நாள்

ஆசிரியருக்கு,

தோழியும் நானும் அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு மதுரைக்குப் போகிறோம். பயணக் குறிப்புகள் எல்லாமே கோயிலை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. மதியம் மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. வெளியூர்க்காரர்கள் வெயிலில் சித்திரை வீதியைச் சுற்ற வேண்டியதுதான்!

நாங்கள் அந்த நேரத்தை 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மஹாலுக்கும், விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாவுக்கும் ஒதுக்கிவிட்டோம். பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். இரவு பள்ளியறை பூஜை. சொக்கநாதரின் பாதம் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்குப் போகும். அயிரை மீன் குழம்பு மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. மீன் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்கா என்று தோழி முறைக்கிறாள், சரி.

உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் ஊர்தோறும் நடை திறக்கும், சாத்தும் நேரத்தையும் போடுங்கள்.

வாசகி, ஈரோடு