மஸ்கட்டில் போன 14 எம்பி டேட்டா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழில் வெளிநாடு போகிறவர்களுக்கு செல்போன் யோசனைகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி, ‘ரோமிங் கட்டணத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் கவனக்குறைவானவர்களே’ என்று. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன், மனசு கேட்காமல் திரும்ப வந்து அதே வரியைப் படித்தேன். முப்பது வருஷமாக உங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு எங்களுடையது. அந்த உரிமையில் சொல்கிறேன், அந்த வரி எனக்கு ரொம்ப வலித்தது.

நான் கவனக்குறைவாக இருக்கவில்லை. மகள் ஷார்ஜாவில் இருக்கிறாள், அவளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போனேன். போவதற்கு ஒரு வாரம் முன்பே மார்த்தாண்டத்தில் ஒரு செல்போன் கடைக்குப் போய், துபாய்க்கான ரோமிங் பேக், அதாவது நம்ம சிம்மையே அங்குள்ள டவரில் ஓட்ட முன்கூட்டியே வாங்கும் திட்டம், கேட்டு, பணம் கட்டிப் போட்டுக்கொண்டேன். கடைப் பையன் என் போனை வாங்கி டேட்டா ரோமிங்கை ஆன் செய்து கையில் தந்து, “அம்மா, இனி இதைத் தொடவே வேண்டாம், அங்க போய் இறங்கினதும் தானா ஓடும்” என்றான். நல்ல பையன், அவனைக் குறை சொல்லவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நேரே போகிற விமானத்தில் டிக்கெட் விலை கூடுதல் என்று மருமகன் மஸ்கட் வழியாகப் போட்டிருந்தார். அங்கே ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். ராத்திரி நேரம், மடியில் கருப்பட்டியும் நல்லமிளகும் முந்திரிக்கொத்தும் வைத்த பை, போன் டிங் டிங் என்று அடித்தது. வரிசையாக ஆங்கிலத்தில் மெசேஜ். நான் எட்டாம் வகுப்பு. அதற்கும் கீழே, ஊரில் விட்டுவிட்டு வந்த பேரன் அனுப்பிய ஒரு வீடியோ, “ஆச்சி டாட்டா” என்று வாசல்படியில் நின்று கையாட்டுகிறான். தொட்டுப் பார்த்தேன். பேக் போட்டிருக்கிறோம், நெட்வொர்க்கும் வந்துவிட்டது, பார்ப்பதில் என்ன என்று நினைத்தேன்.

அந்த மாதம் பில்லில் 14 எம்பி (மெகாபைட்) டேட்டாவுக்கு 7,840 ரூபாய் வந்தது. நான் வாங்கின பேக் துபாயும் ஷார்ஜாவும் சேர்ந்த ஐக்கிய அரபு அமீரகத்துக்கு மட்டும்தானாம், மஸ்கட் இருப்பது ஓமனில் என்பதால் அங்கே ஓடியது பேக்கில் சேராதாம். ரோமிங் ஆன் ஆகியிருந்ததால் போன் தானாகவே அங்குள்ள டவரைப் பிடித்திருக்கிறது. அந்த ஆங்கில மெசேஜில் ஒன்று, ஓமனில் ஒரு எம்பிக்கு எவ்வளவு என்று சொல்கிற மெசேஜ் என்று பிறகு மகன் படித்துச் சொன்னான். இதில் என் கவனக்குறைவு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் கட்டுரையில் சொன்ன இரண்டு யோசனைகளுமே, ஒன்று பேக் போடுங்கள், இல்லாவிட்டால் ரோமிங்கை அணைத்து வையுங்கள் என்பதுதானே. பேக் போட்டவள் நான். பேக் வேலை செய்ய வேண்டுமென்றால் ரோமிங்கை ஆன் செய்துதான் ஆக வேண்டும். நடுவில் வேறு நாட்டில் இறங்கி ஏறுகிறவர்களுக்கு என்ன வழி என்று ஒரு வார்த்தை இல்லை. நம்ம மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு ஊரில் இறங்கி மாறிப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா.

கம்பெனிக்குப் போன் செய்தோம். முதலில் இந்தி, அப்புறம் ஆங்கிலம், கடைசியில்தான் தமிழ் பேசுகிற ஒரு பெண். பயன்படுத்தியது நீங்கள்தானே அம்மா என்றாள். புகார் எண் ஒன்று தந்தார்கள், பிறகு அதையும் முடித்துவிட்டார்கள். அப்படி முடித்தாலும் மேல்முறையீடு என்று அடுத்த படி ஒன்று உண்டு என்பதையும் பின்னால்தான் கேள்விப்பட்டோம். அதற்குள் மகன் பணத்தைக் கட்டிவிட்டான். அதைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

ரோமிங் என்ற வார்த்தை எங்களுக்குப் புதிதா? கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை பக்கம் சொந்தக்கார வீட்டுக்குப் போனாலே போன் கேரள டவரைப் பிடித்துவிடும். சொந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு, வந்த அழைப்பை எடுத்ததற்கே காசு போயிருக்கிறது. 2017 வாக்கில்தான் அந்தக் கொள்ளை நின்றது. அதே வருஷம் நவம்பரில் ஓகி புயல் வந்தது. ஊரில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை, கடலுக்குப் போனவர்கள் என்ன ஆனார்களோ என்று கரையோரத்து வீடுகள் தவித்துக்கொண்டிருந்தன. அந்த மாதத்துக்கும் பில் ஒரு பைசா குறையாமல் வந்தது. அப்போது நான் உங்களுக்குக் கடிதம் எழுதினேன். பாதியை வெட்டிப் போட்டீர்கள், பில்லைப் பற்றிச் சொன்ன பாதியைத்தான் வெட்டியிருந்தீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சவுதியில் இருந்த காலத்தில் கருங்கலில் ஐ.எஸ்.டி. பூத்தில்தான் பேசுவோம். எதிரில் கட்டணம் காட்டும் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளையின் காய்ச்சலைச் சொல்லும்போதும் கண் அதிலேதான் இருக்கும், ஐம்பதைத் தொட்டால் போதும், வைத்துவிடுவோம். கஷ்டமான காலம்தான், ஆனால் போகிற காசு கண்முன்னால் தெரிந்தது. மஸ்கட்டில் என் கையிலிருந்த போனில் பேரன் சிரித்துக்கொண்டு நின்றான், காசு போவது எங்கேயும் தெரியவில்லை.

என் அண்ணன் மகள் ஜெர்மனியில் நர்ஸ். அவள் லீவுக்கு இத்தாலி போனாலும் ஜெர்மனியில் எப்படியோ அப்படியே போன் பேசுகிறாள், நெட் பார்க்கிறாள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூன் 15 முதல் தனி ரோமிங் கட்டணம் கிடையாதாம். அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. பேக் விற்கும்போதே எந்த நாடு சேரும், எது சேராது என்று தமிழில் ஒரு சீட்டு கொடுக்கக் கூடாதா, மெசேஜைத் தமிழில் அனுப்பக் கூடாதா.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பள்ளிக்கூட லீவு விடும் முன்னால் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். நடுவில் மாறும் ஊரின் நாடும் பேக்கில் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் அங்கே இறங்கும்போது போனை ஃபிளைட் மோடில் வைத்து விமான நிலைய வைஃபை மட்டும் பிடிக்க வேண்டும். பேக் இல்லாமல் பேங்க் ஓடிபிக்காக மட்டும் இந்திய சிம்மை வைத்திருப்பவர்கள் டேட்டா ரோமிங்கை அணைத்தால் போதும், அதற்காக சிம்மையே கழற்ற வேண்டியதில்லை. விமானத்துக்குள்ளும் கப்பலிலும் கிடைக்கிற நெட்வொர்க் தனிக் கணக்கு, சாதாரண பேக் பெரும்பாலும் அங்கே செல்லாது, நம்ம ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர் கப்பலில் வேலைக்குப் போகிறார்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், என் வயசுக்காரர்களும் படிக்க வேண்டும்.

அப்படியே அந்தக் ‘கவனக்குறைவு’ வரிக்கு ஒரு திருத்தமும் போட்டால் நல்லது. இந்தக் கடிதத்தை வெட்டாமல் போடுவீர்கள் என்று நம்புகிறேன். இடம் போதாவிட்டால் ஓகியைப் பற்றி எழுதியதை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், மஸ்கட் விஷயத்தை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.