பிள்ளைகளின் நூலிழைக் கண்காட்சிக்கு அழைப்பு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பள்ளி அரங்கில் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் நூலிழைக் கலைக் கண்காட்சி தொடங்குகிறது. நெசவுக் கலைஞரும் ஆசிரியருமான ஆனி ஆல்பர்ஸ் நினைவாக இதை நடத்துகிறோம். அவசியம் வாருங்கள்.

ஏன் இவர் என்று சிலர் கேட்டீர்கள். 1899-இல் பெர்லினில் பிறந்த ஆனி, 1922-இல் ஜெர்மனியில் இருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். ஓவியராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால் அங்கே பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பினார்கள். வேண்டாவெறுப்பாகத்தான் தறியில் உட்கார்ந்தார். அப்புறம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதிலேயே செலவிட்டார். பெர்னாவ் நகரப் பள்ளி ஒன்றின் அரங்குக்காக அவர் நெய்த சுவர்த்துணியின் ஒரு பக்கம் செலோஃபேன் என்ற பளபளப்பான கண்ணாடித்தாள் இழையால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியது. மறுபக்கம் எதிரொலியை உறிஞ்சியது. துணி பார்க்க அழகாக இருந்தால் போதாது, அது ஒரு வேலையும் செய்ய வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

நாஜிகளின் நெருக்கடியால் 1933-இல் பௌஹவுஸ் மூடப்பட்டது. அதே ஆண்டு கணவர் யோசஃபுடன் அமெரிக்காவுக்குப் போய், பிளாக் மௌண்டன் கல்லூரியில் 1949 வரை நெசவு கற்பித்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு நெசவுக் கலைஞருக்கென்று தனியாகக் கண்காட்சி நடந்தது முதன்முதலில் இவருக்குத்தான். அதுவும் 1949-இல்தான்.

ஓர் ஆசிரியராக எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. தறியை இயக்கப் பழக்குவதற்கு முன்பு, புல், சோளமணி, காகிதம் என்று கையில் கிடைத்ததைத் தொட்டு, அதன் சொரசொரப்பையும் வழவழப்பையும் விரல்களுக்குப் பழக்க வேண்டும் என்பார். கழுவுதொட்டியின் வடிகால் சல்லடையையும் காகிதக் கிளிப்புகளையும் சேர்த்து ஒரு கழுத்தணியே செய்தவர்! நெசவு பற்றி 1965-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தை, தன் ஆசிரியர்கள் என்று சொல்லி, பழங்காலப் பெரு நாட்டு நெசவாளர்களுக்குக் காணிக்கையாக்கினார். கற்றுக்கொடுத்த ஒருவர், தான் யாரிடம் கற்றேன் என்று சொல்வது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதனால் நம் பிள்ளைகளுக்கும் முதல் இரண்டு வாரம் தறி கிடையாது. சணல், பழைய சட்டைக் கிழிசல், காய்ந்த புல் ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார்கள். பிறகுதான் அட்டையில் பல் வெட்டி, பாவு என்ற நெடுக்கு நூல்களைக் கட்டினார்கள்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் துணியை நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். குறுக்கே போகும் ஊடை நூலை ஒவ்வொரு முறையும் இறுக்கி இழுத்ததில், பாதி தூரம் வருவதற்குள் துணி இடுப்பு போல ஒடுங்கிவிட்டது. பிரித்துவிட்டு மறுபடி நெய்யட்டுமா என்று கேட்டான். கைவேலை ஆசிரியை சம்மதிக்கவில்லை. ஊடையை நேராக இழுக்காமல், வில் போல வளைத்துப் போட்டு, பிறகு அடித்து இறுக்கச் சொன்னார். அடுத்த பத்து வரிசையில் துணி மெல்ல மெல்லப் பழைய அகலத்துக்கு வந்தது. அந்த ஒடுங்கிய இடத்தை அப்படியே வைத்திருக்கிறோம். அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்பது அதில்தான் தெரிகிறது.

தேர்வு நெருங்கும் நேரத்தில் இது தேவையா என்று சில பெற்றோர் வருத்தப்பட்டது எனக்குத் தெரியும். பாடவேளை எதையும் குறைக்கவில்லை. கைவேலை வகுப்பு நேரத்திலேயே எல்லாம் முடிந்தது. ஆனால் நேரம் மிச்சமானது என்பதற்காக நான் இதை ஆதரிக்கவில்லை. ஒரே வேலையில் நாற்பது நிமிடம் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தேன், அதனால்தான்.

இரண்டு வேண்டுகோள். வீட்டுக்கு வந்திருக்கும் துணிகளின் ஓரத்தைத் தயவுசெய்து வெட்டிச் சரிசெய்து அனுப்பாதீர்கள். கண்காட்சியில், "எது நல்லா இருக்கு?" என்று கேட்பதைவிட, "இதை எப்படிச் செய்தாய்?" என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். பரிசு, மதிப்பெண் எதுவும் கிடையாது. வாசலருகே உள்ள மேசையில் இருப்பவற்றை எல்லாரும் தொட்டுப் பார்க்கலாம். சுவரில் மாட்டியவற்றைத் தொட வேண்டாம், முடிச்சுகள் இன்னும் தளர்வாக இருக்கின்றன.

துணிகளை வெள்ளிக்கிழமை மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்