உன் முதல் நாடக விமர்சனம் பற்றி

ராயபுரம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உங்கள் பகுதியின் வாரப் பத்திரிகைக்கு நாடக விமர்சனம் எழுத ஒப்புக்கொண்டது நல்ல காரியம். முதல் நாடகமே வியாசர்பாடிப் பிள்ளைகள் போடுவது. “தெரிஞ்ச பசங்க, எப்படிக் குறை சொல்றது?” என்று கேட்டிருக்கிறாய்.

நம் பக்கத்து நாடகம் பெரும்பாலும் ஒரே நாள்தான் நடக்கும். பத்திரிகை வரும்போது பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலியும் திரும்பிப் போயிருக்கும். ஆகவே ‘போய்ப் பார்க்கலாமா, வேண்டாமா’ என்று சொல்ல அங்கே வேலையே இல்லை. நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் போடாதே. நடித்தவர்களும், பார்த்தவர்களும், பல வருஷம் கழித்து அந்தத் தாளைத் தேடுகிறவர்களும்தான் படிக்கப்போகிறார்கள். அன்று மேடையில் என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

குறையைச் சொல்லத்தான் வேண்டும். சம்பளம் வாங்காத பிள்ளைகள் என்று தடவிக்கொடுத்து எழுதுவது அவர்களை மதிக்காததுதான். நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபையும் நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர்களின் சபைதானே! ஆனால் குறை யாருடையது என்று கண்டுபிடிக்காமல் எழுதிவிடாதே. நான் பார்க்கும் விமர்சனங்களில் பாதி அநியாயம் கடுஞ்சொல்லால் வருவதில்லை. பழியை ஆள் மாற்றிப் போடுவதால் வருகிறது.

மைக்கையே எடுத்துக்கொள். மேடை விளிம்பில் மூன்று ஸ்டாண்ட் மைக் வைத்திருப்பார்கள். இரண்டு மைக்குக்கு நடுவே நிற்கிறவர் குரல் அரைகுறையாகத்தான் ஏறும். மைக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் நேராக வந்து சேரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட ஆபரேட்டர் வால்யூமை ஏற்றினால் மைக் ‘கீ’ என்று கத்தும், பயந்து இறக்கிவிடுவார். கூம்பு ஒலிபெருக்கி என்றால் அடிக்குரல் சரியாகக் கேட்காது. இதெல்லாம் தெரியாமல் ‘கதாநாயகிக்கு உச்சரிப்பு போதாது’ என்று எழுதிவிடுகிறார்கள். அதே பெண் மைக் அருகே வந்து பேசும்போது சொல் தெளிவாக விழுகிறதா என்று கவனி. விழுந்தால் குறை மைக் வைத்த இடத்தில், அல்லது அவளை அங்கே நிற்கவைத்த இயக்குநரிடம். முன்வரிசை நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடாதே. முன்னே, நடுவே, கடைசியில் என்று மூன்று இடத்திலாவது கால் மணி நேரம் நின்று கேள்.

கையில் கடிகாரம் இருக்கட்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆறரைக்கு என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடியவே எட்டரை ஆகிவிடும். இரண்டு மணி நேர நாடகத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடைத்தால் கடைசிக் காட்சி ஓடத்தான் செய்யும். ‘முடிவு அவசரக்கோலம்’ என்று மட்டும் எழுதினால் பழி எழுத்தாளர் தலையில் விழும். எத்தனை மணிக்குத் திரை விலகியது என்பதையும் சேர்த்து எழுது.

பொன்னாடை என்றதும் ஞாபகம் வந்தது. உன்னையும் மேடைக்குக் கூப்பிடுவார்கள். போகாதே. போர்த்திக்கொண்டால் அந்த நாடகத்துக்கு விமர்சனம் எழுதாதே. கவர் கொடுத்தால் அங்கேயே திருப்பிக் கொடு. டிக்கெட் இருந்தால் காசு கொடுத்து வாங்கு. உறவுக்காரப் பையன் நடித்தால் வேறொருவர் எழுதட்டும். ஆளே இல்லையென்றால் முதல் பத்தியிலேயே உறவைச் சொல்லிவிடு. நாடகம் போடும் மன்றத்தின் வாழ்த்து விளம்பரம் வரும் பக்கத்தில் உன் விமர்சனம் வரக்கூடாது என்று பத்திரிகை ஆசிரியரிடம் இப்போதே பேசி வை.

அவதூறுச் சட்டமும் உனக்குத் துணைதான். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 499-ஆவது பிரிவின் ஆறாவது விதிவிலக்கு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356-ல் இருக்கிறது. பொதுமேடையில் ஏறிய நடிகர் தன் நடிப்பை மக்கள் தீர்ப்புக்கு வைத்துவிட்டார், அதைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லலாம் என்கிறது. ஆனால் அந்தக் கருத்து மேடையில் தெரிந்ததிலிருந்து பிறக்க வேண்டும். வெளியே அவரைப் பற்றித் தெரிந்ததைக் கொண்டுவந்து ஒட்டினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ‘குடிகாரன் வேஷம் இவருக்குச் சொல்லியா தரணும்’ என்பது போன்ற வரி அந்த இரண்டாவது வகை.

நிறம், உடம்பு, பல் வரிசை பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நம்ம ஊர் பேச்சை மேடையில் கேட்டவுடன் ‘கொச்சை’ என்றோ ‘காமெடி’ என்றோ எழுதுகிறவர்கள் மேல் எனக்கு ஆறாத கோபம். காசிமேட்டு அம்மா “இன்னாபா, வலை காஞ்சிச்சா?” என்று கேட்டால் அது அவள் வாய்ப்பேச்சு. நாடகம் அதைக் கேலிக்கு வைத்ததா, பேச்சாக வைத்ததா என்று மட்டும் பார். பதினெட்டு வயசுக்குக் கீழ் உள்ளவர்களைப் பாராட்டும்போது பேரைப் போடு. குறையென்றால் பேர் வேண்டாம்.

இனிஷியலோடு பெயர்களை இயக்குநரிடமே சரிபார்த்துக்கொள். இடம் போதாவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். பாராட்டையெல்லாம் கடைசிப் பத்திக்கு ஒதுக்கினால் குறை மட்டும் அச்சாகும். இரண்டையும் காட்சிக்குக் காட்சி கலந்தே எழுது. தப்பு நேர்ந்தால் அடுத்த இதழில் அதே பக்கத்தில் திருத்தம் வரட்டும். மன்றத்திலிருந்து மறுப்பு வந்தால் கீழே உன் பதிலை ஒட்டாமல் அப்படியே போடச் சொல்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் பத்திரிகையில் தலைப்பு போடுவது யார்? நீ பார்த்துப் பார்த்து எழுதியதை ‘சொதப்பல்’ என்று ஒரே வார்த்தையில் கவிழ்த்துவிடுவார்கள். விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்