முடைந்தவரின் ஊரையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் கைவினைக் கண்காட்சிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பனையோலைப் பெட்டிகளைப் பலரும் விரும்பி வாங்குவதாக எழுதியிருந்தீர்கள். அவற்றை முடைந்தவர்கள் எந்த ஊரார் என்பது மட்டும் அதில் இல்லை.

நான் இராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரப் பனங்காட்டு ஊரொன்றில் பிறந்தவள். கன்னிராஜபுரம், நரிப்பையூர்ப் பக்கங்களில் ஆண்கள் இறக்கிய பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கிய பெண்கள், குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கிக் கிழித்து, கருப்பட்டி வைக்கும் சிறு ஓலைக்கூடையான கொட்டானையும் வீட்டுக்கு வேண்டிய பெரிய ஓலைப்பெட்டியான கடவாப்பெட்டியையும் தாங்களே முடைந்தார்கள். மீனவர்கள் மீன் போட்டுவைக்கக் கொண்டுசென்ற பறியும் பனையோலையில் முடைந்ததுதான். காய்ந்த ஓலை முறியும் என்பதால், பனியின் ஈரம் இருக்கும் விடியற்காலையிலேயே என் தாயார் முடைய உட்கார்ந்துவிடுவார். அம்பத்தூருக்கு என்னுடன் வந்த பிறகும், ஊரிலிருந்து வரும் ஓலையை ஈரத்துணியில் சுற்றிவைத்து, உறவினர் வீட்டு விசேஷங்களுக்குச் சீர்ப்பெட்டி முடைந்து கொடுத்தார்.

பெட்டியை வாங்கிக்கொண்ட உறவினர்களுள் சிலர், யார் முடைந்தது என்று அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டாம் என்பார்கள். ஓலை என்றால் பனையேறி, பனையேறி என்றால் இன்ன சாதி என்று கணக்கிட்டு வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்ற ஆண்டு ஒரு கண்காட்சியில், எங்கள் பக்கத்து விளிம்புக்கட்டு உடைய பெட்டி ஒன்றைக் கண்டு என் தாயார் கையில் எடுத்தார். அதில் விலையும் விற்றவரின் பெயருமே ஒட்டியிருந்தன. இழிவாகப் பேசப்பட்ட காலமெல்லாம் எங்கள் பெயரோடு ஒட்டியிருந்த தொழில், மதிப்பு வந்த பிறகு யாருடையதும் இல்லை என்று ஆவது நியாயமன்று.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. மரத்துக்குக் கிடைத்த அந்தக் கவனம் முடைபவர்களுக்கும் கிடைக்க வேண்டும். செட்டிநாட்டுக் கொட்டானுக்கு, ஒரு பொருள் இன்ன வட்டாரத்துக்கு உரியது என்று சட்டப்படி காட்டும் புவிசார் குறியீடு இருப்பதால் அதன் ஊர்ப்பெயர் எங்கு சென்றாலும் உடன் செல்கிறது. எங்கள் கரையோரப் பெட்டிகளுக்கும் அதற்கான முயற்சி தொடங்கப்பட வேண்டும். அதுவரை, அரசு நடத்தும் கண்காட்சிகளிலாவது முடைந்தவரின் ஒப்புதலோடு அவர் பெயரும் ஊரும் எழுதிய சீட்டு ஒவ்வொரு பெட்டியிலும் இருக்க வேண்டும். தங்கள் இதழும் இனி இத்தகைய பெட்டிகளின் படங்களை வெளியிடும்போது, கீழே ஊரின் பெயரை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாயல்குடி வட்டார வாசகி ஒருவர்,
அம்பத்தூர், சென்னை.